அர்ஜுன் டாங்கி: ஒரே கடை, ஒரே வாடிக்கையாளர்

அர்ஜுன் டாங்கியை இதுவரை வாங்கியிருப்பது இந்திய ராணுவம் மட்டுமே. அதை வடிவமைத்தது ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம். பூட்டி முடித்து அனுப்புவது அதே ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலை. வடிவமைப்பவர், தயாரிப்பவர், வாங்குபவர் ஆகிய மூவரும் ஒரே பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பவர்கள், மூவருக்கும் பணம் வருவது ஒரே கருவூலத்திலிருந்து. அந்தக் கருவூலத்துக்கு வரி கட்டும் ஒருவன் என்ற தகுதியில்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பொருளை மட்டும் பார்த்தால் அர்ஜுனுக்கு நல்ல மதிப்பெண் தரலாம் என்பதே என் முடிவு. ஆனால் ஒரு பொருளின் தரம் அதை விற்கும் கடையையும் கேட்டு வாங்கும் வாடிக்கையாளரையும் எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்பதை அர்ஜுனைப் போலத் தெளிவாகக் காட்டும் தயாரிப்பு நம் நாட்டில் வேறொன்று இல்லை. ஆகவே மூன்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். அர்ஜுனின் பீரங்கி 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள, உட்புறம் சுரிப் பள்ளங்கள் வெட்டப்பட்ட குழல். அமெரிக்கா, ஜெர்மனி, ரஷ்யா ஆகிய நாடுகளின் இன்றைய டாங்கிகள் அனைத்தும் வழவழப்பான குழலுக்கு மாறிவிட்ட காலத்தில், பிரிட்டனைப் போல இந்தியாவும் சுரிக்குழலையே தேர்ந்தெடுத்தது. சுவரிலோ கவசத்திலோ அப்பிக்கொண்டு வெடிக்கும் குண்டைச் சுட இந்தக் குழல் ஏற்றது. பதுங்கு குழிகளையும் கட்டடங்களையும் தகர்க்க அந்தக் குண்டு மிகவும் பயன்படும். குறிதவறாத சுடுதிறனைப் பொறுத்தவரை அர்ஜுனைப் பற்றித் தொடக்கத்தில் ராணுவம் குறை சொன்னது, பிற்காலச் சோதனையில் நல்ல பெயர் கிடைத்தது. வாயுவும் எண்ணெயும் கொண்டு இயங்கும் அதன் தாங்கு அமைப்பு மேடுபள்ளங்களை உள்வாங்கிக்கொள்வதால், ஓடிக்கொண்டே சுடும்போதும் குறி அதிகம் அசைவதில்லை. ஹைதராபாத் காஞ்சன்பாக்கிலுள்ள உலோக ஆய்வுக்கூடம் உருவாக்கிய காஞ்சன் கவசம் இந்தத் திட்டத்தின் மிக உறுதியான சாதனை என்று சொல்லலாம். அதன் நுட்பத்தை அர்ஜுனோடு நிறுத்திக்கொள்ளாமல் மற்ற டாங்கிகளுக்கும் கொண்டுபோனார்கள்.

ஆனால் குழலின் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. வழவழப்பான 120 மில்லிமீட்டர் குழலுக்கு உலகச் சந்தையில் பல நாடுகளின் குண்டுகள் கிடைக்கும். அர்ஜுனின் குழலுக்கோ, இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் தனியாகத் தயாரித்துத் தர வேண்டும். நூற்றுச் சொச்சம் டாங்கிகளுக்காக ஒரு தனி வகைக் குண்டு வரிசையை நடத்துவது எந்தத் தொழிற்சாலைக்கும் லாபமான வேலையன்று.

அடுத்தது எடை. முதல் வகை 58.5 டன், இன்றைய மார்க் 1ஏ வகை ஏறத்தாழ 68 டன். ரஷ்ய வடிவமான டி-72 ஏறத்தாழ 41 டன், டி-90 46.5 டன். ராணுவத்தின் பாலங்கள், அவற்றை விரிக்கும் வாகனங்கள், ரயில் வேகன்கள் எல்லாம் அந்த இலகுவான ரஷ்ய டாங்கிகளை மனத்தில் வைத்து வாங்கப்பட்டவை. அர்ஜுனுக்காகச் சிறப்பு வேகன்களையே உருவாக்க வேண்டியதாயிற்று. கால்வாய்களும் ஆறுகளும் குறுக்கிடும் பஞ்சாபில் இதைக் கொண்டுபோய் நிறுத்துவது கடினம் என்பதால் ராஜஸ்தான் பாலைவனமே இதன் இருப்பிடமாக அமைந்துவிட்டது. சங்கிலிப் பட்டை அகலமானது என்பதால் தரையில் விழும் அழுத்தம் டி-90-ஐவிடக் குறைவு, மணலில் இது புதைவதில்லை என்பது தயாரிப்பாளரின் பதில். இரண்டு கூற்றுகளும் உண்மை. பாலத்துக்கு மொத்த எடை முக்கியம், மணலுக்குப் பரவிய அழுத்தம் முக்கியம். எங்கே போரிடப்போகிறோம் என்பதை முன்பே முடிவுசெய்து சொல்ல வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு.

இந்த இடத்தில்தான் வாடிக்கையாளர் உள்ளே வருகிறார். ராணுவம் தனக்கு வேண்டிய டாங்கியின் தேவைப் பட்டியலை 1970-களின் தொடக்கத்தில் எழுதியது. 1974-இல் அரசு 15.5 கோடி ரூபாய் ஒதுக்கித் திட்டத்துக்கு அனுமதி தந்தது. அன்று கேட்கப்பட்ட டாங்கி இன்று நாம் பார்க்கும் டாங்கி அன்று. எடையிலும் பீரங்கியின் விட்டத்திலும் அது சிறியது. வடிவமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே தேவைப் பட்டியல் பலமுறை திருத்தப்பட்டது. துணியை வெட்டிய பிறகு அளவை மாற்றிச் சொல்லும் வாடிக்கையாளரிடம் எந்தத் தையற்காரராலும் குறித்த நாளில் சட்டையைக் கொடுக்க முடியாது. அதற்காகத் தையற்காரரின் பிழைகள் மறைந்துவிடா. உள்நாட்டிலேயே 1,500 குதிரைத்திறன் இன்ஜினைச் செய்துவிடுவோம் என்று ஆய்வு நிறுவனம் சொன்னது, அது நடக்கவில்லை, ஜெர்மனியின் எம்.டி.யூ. நிறுவனத்தின் 1,400 குதிரைத்திறன் இன்ஜினும் ரெங்க் நிறுவனத்தின் கியர் அமைப்பும் பொருத்தப்பட்டன. 1990-களின் நடுவில் வடிவமைப்புக் கட்டம் முடிந்தபோது செலவு 300 கோடியைக் கடந்திருந்தது. முதல் 124 டாங்கிகளுக்கான ஆர்டர் 2000-இல் வந்தது. முதல் தொகுதி 2004-இல் கைமாறியது. அனுமதிக்கும் கைமாறலுக்கும் இடையே 30 ஆண்டுகள்.

எந்த ராணுவமும் எல்லையில் முப்பது ஆண்டுகள் வெறுங்கையோடு காத்திருக்காது. 1970-களின் இறுதியிலேயே சோவியத் ஒன்றியத்திடமிருந்து டி-72 வாங்கப்பட்டது, பிறகு அது ஆவடியிலேயே உரிமம் பெற்றுத் தயாரானது. பாகிஸ்தான் உக்ரைனிடமிருந்து டி-80 டாங்கிகளை வாங்கியபின், 2001-இல் 310 டி-90 டாங்கிகளுக்கு ரஷ்யாவுடன் ஒப்பந்தமாயிற்று. 124 அர்ஜுனுக்கு ஆர்டர் போட்ட மறு ஆண்டு அது. டி-90-ஐயும் உரிமம் பெற்றுத் தயாரிக்கும் பொறுப்பு ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலைக்கே போயிற்று. அங்கே தயாரான முதல் டாங்கிகள் 2009-இல் வெளிவந்தன. ஆக, அர்ஜுனும் அதன் போட்டியாளரும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருகின்றன. தொழிற்சாலையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதில் முரண் ஏதுமில்லை. ஆயிரக்கணக்கில் உரிமத் தயாரிப்பு வேலை இருக்கிறது, வரைபடங்கள் மாஸ்கோவிலிருந்து வருகின்றன, பிழை இருந்தால் அது ரஷ்யப் பிழை. பக்கத்து வளாகத்தில் உருவான வடிவத்துக்காக ஏன் அல்லல்பட வேண்டும்? இதை யாரும் வெளிப்படையாகச் சொன்னதாக நான் சொல்லவில்லை. ஆர்டர்களின் எண்ணிக்கையே அப்படி நடந்துகொள்ளத் தூண்டும் என்று சொல்கிறேன்.

உரிமத் தயாரிப்பும் சுகமான பாதை அன்று. தார் பாலைவன வெப்பத்தில் டி-90-இன் இரவுப் பார்வைக் கருவிகள் கோளாறு செய்தன. பீரங்கிக் குழலின் உலோக நுட்பம் உள்ளிட்ட சில தொழில்நுட்பங்களை ரஷ்யா முழுமையாகக் கைமாற்றத் தயங்கியது. அதனால் உள்நாட்டுத் தயாரிப்பு பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. ஆனாலும் அந்தக் குறைகளோடு ராணுவம் டி-90-ஐ ஏற்றுக்கொண்டது, ஓட்டிக்கொண்டே சரிசெய்துகொண்டது. அர்ஜுனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இரண்டு டாங்கிகளுக்கும் ராணுவம் வைத்த அளவுகோல்கள் வேறுபட்டவை, அர்ஜுனுக்கு வைத்தவை கடுமையானவை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2014 அறிக்கையே குறிப்பிடுகிறது. 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் இரண்டும் எதிரெதிரே நின்று நடந்த ஒப்பீட்டுச் சோதனையில், சுடும் துல்லியத்தில் அர்ஜுன் மேலானதாக விளங்கியது என்பதும் அதே அறிக்கையின் கூற்று.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனெனில் இந்த உறவின் மிக மோசமான கட்டம் அந்தச் சோதனைக்கு முந்தையது. 2007, 2008 ஆண்டுகளில் தொடர் ஓட்டச் சோதனைகளின்போது அர்ஜுனின் கியர் அமைப்புகள் அடுத்தடுத்துப் பழுதாயின. சாதாரணமான எந்த வணிக உறவிலும் தயாரிப்பாளரும் வாடிக்கையாளரும் பழுதான பாகத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். இங்கோ நாசவேலை நடந்திருக்கலாம் என்ற பேச்சு இணையமைச்சர் மட்டத்தில் எழுந்தது; டாங்கியின் இயக்கத்தைப் பதிவுசெய்யும், விமானக் கறுப்புப் பெட்டி போன்ற கருவியைப் பொருத்தும் அளவுக்கு விஷயம் போயிற்று. சொந்த நாட்டு ராணுவம் தன் பொருளை எப்படி ஓட்டுகிறது என்று வேவு பார்க்க வேண்டிய நிலைக்கு ஒரு தயாரிப்பாளர் வந்துவிட்டால், அந்தப் பழுது கியரில் மட்டும் இல்லை. ராணுவத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட தேதிகள் எல்லாம் பொய்த்திருந்தன. உள்ளே அமர்ந்து போருக்குப் போகப்போகிறவர்கள் அவர்கள்தான், ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்கள் அல்லர்.

விற்பனைக்குப் பிந்தைய சேவை என்ற தலைப்பில் அர்ஜுனுக்கு நான் தரும் மதிப்பெண் மிகக் குறைவு. முதல் 124 டாங்கிகள் 43ஆவது, 75ஆவது கவசப் படைப்பிரிவுகளுக்குப் போயின. பாகங்களில் பாதிக்குமேல் இறக்குமதி. இன்ஜின், கியர், குறிபார்க்கும் கருவி ஆகிய முக்கியமானவை எல்லாம் அதில் அடக்கம். 124 என்ற எண்ணிக்கைக்காக எந்த வெளிநாட்டு நிறுவனமும் தன் தயாரிப்பு வரிசையைத் திறந்துவைத்துக் காத்திருக்காது. முதல் ஆர்டர் முடிந்ததும் அடுத்த ஆர்டர் வரவில்லை. ஆர்டர் இல்லாததால் உள்நாட்டுச் சிறு ஒப்பந்ததாரர்களும் வேறு வேலைக்குப் போனார்கள். 2010-களின் நடுவில் உதிரிபாகம் இல்லாமல் பெரும்பாலான அர்ஜுன்கள் ஓடாமல் நிற்கின்றன என்று செய்திகள் வந்தன. ஓடாமல் நிற்கும் டாங்கியைப் பார்த்த ராணுவம் மேலும் வாங்கத் தயங்கியது. அந்தத் தயக்கம் உதிரிபாகத் தட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. இந்தச் சுழலை உடைக்கக்கூடிய ஒரே கருவி ஒரு பெரிய, நீண்டகால ஆர்டர்தான். அதைப் போடும் அதிகாரம் தொழிற்சாலையிடம் இல்லை.

2010 சோதனைக்குப் பிறகு மேலும் 124 அர்ஜுன் வாங்க முடிவானபோது சுழல் உடையும் என்று தோன்றியது. ஆனால் புதிய டாங்கியில் இன்னின்ன மாற்றங்கள் வேண்டும் என்று பட்டியல் மறுபடி நீண்டது. கண்ணிவெடி அகற்றும் கலப்பை, வெடித்து எதிர்க்கும் கூடுதல் கவசம், பீரங்கிக் குழல் வழியே ஏவும் ஏவுகணை என எழுபதுக்கு மேற்பட்ட மேம்பாடுகள். ஏவுகணைக்கு முதலில் முயன்ற இஸ்ரேலிய லஹாத் ராணுவத்துக்குத் திருப்தி தராததால் அந்த வேலை தேங்கியது. உள்நாட்டு ஏவுகணை ஒன்று அர்ஜுனிலிருந்து வெற்றிகரமாகச் சுடப்பட்டது 2020 செப்டம்பரில், அகமதுநகர்ச் சுடுதளத்தில். 2021 பிப்ரவரியில் பிரதமர் சென்னைக்கு வந்து மார்க் 1ஏ டாங்கியை ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆர்டர் கையெழுத்தாயிற்று. சோதனையில் வென்ற பொருளுக்கு அடுத்த ஆர்டர் வரப் பதினோரு ஆண்டுகள் ஆயின என்பது ஒருபுறம் இருக்கட்டும். சேர்த்த மேம்பாடுகள் எல்லாம் சேர்ந்து எடையை ஏறத்தாழ பத்து டன் கூட்டிவிட்டன, இன்ஜினோ அதே 1,400 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு 24 குதிரைத்திறன் இருந்த இடத்தில் இப்போது 20.6-தான். எடை அதிகம் என்று குறைசொல்லும் வாடிக்கையாளரே எடையைக் கூட்டும் பட்டியலையும் தருகிறார் என்பது இந்த உறவின் இயல்பாகவே ஆகிவிட்டது.

விலையும் அதற்கேற்ப ஏறியது. மேலே சொன்ன தொகையை வகுத்தால் ஒரு மார்க் 1ஏ ஏறத்தாழ 64 கோடி. 2019-இல் 464 டி-90 டாங்கிகளை ஆவடியில் தயாரிக்க ஒப்புதல் அளிக்கப்பட்டது ஏறத்தாழ 13,448 கோடிக்கு; ஒன்றுக்கு 29 கோடி. இரண்டும் ஒரே அளவுப் பொருள்கள் அல்ல, ஒப்பந்தங்களில் அடங்கியவையும் ஒன்றல்ல, ஆகவே நேரடியாக ஒப்பிட்டுவிடக் கூடாது. ஆனாலும் 118-க்கும் 464-க்கும் இடையிலுள்ள வேறுபாடு விலையில் தெரியாமல் போகாது. சிறிய ஆர்டருக்குக் கருவிகள், அச்சுகள், சோதனைக் கூடங்கள் ஆகியவற்றின் செலவு முழுவதும் சில தலைகள்மேல் விழுகிறது.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆவடித் தொழிற்சாலை புதியதன்று. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமான விஜயந்தாவை 1965-லிருந்து தயாரித்த இடம் அது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது படைக்கலத் தொழிற்சாலை அமைப்பின் உறுப்பாக, அதாவது அரசுத் துறையின் ஒரு பிரிவாகவே இயங்கியது. போட்டி ஒப்பந்தம் கிடையாது. செலவுக் கணக்கின்படி தொழிற்சாலையே விலையை நிர்ணயிக்கும், ராணுவம் அதைக் கட்டும். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக முடியாது. கடையும் வேறு வாடிக்கையாளரைத் தேட வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 1 அன்று அந்த அமைப்பின் 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கவச வாகனங்களுக்கான நிறுவனத்தின் தலைமையகம் ஆவடி. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, வேலைநிறுத்தத்தைத் தடுக்க ஒரு தனிச் சட்டமே அந்த ஆண்டு கொண்டுவரப்பட்டது. பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு உறவு மாறியதா என்று கேட்டால், வாங்குபவர் இன்னும் ஒருவரே என்பதுதான் பதில். ஏற்றுமதி வந்தால் நிலை மாறலாம். ஆனால் சொந்த ராணுவமே இத்தனை குறைவாக வாங்கும் டாங்கியை வேறு நாட்டு ராணுவம் நம்பி வாங்குவது அரிது.

இதற்கு மாற்று வழி இல்லையா? இஸ்ரேலுக்கு 1969-இல் பிரிட்டன் சீஃப்டன் டாங்கியைத் தர மறுத்தது. சொந்தமாக டாங்கி செய்வது என்று அந்த நாடு முடிவெடுத்தபோது பொறுப்பேற்றவர் ஜெனரல் இஸ்ரேல் டால்; கவசப் படையை நடத்திப் போரில் நின்ற தளபதி. இன்ஜினை முன்னால் வைத்து உள்ளிருப்போருக்குக் கூடுதல் காப்பு தருவது என்ற, அப்படி உருவான மெர்காவா டாங்கியின் மையக் கருத்தே டாங்கிக்குள் அமர்ந்திருந்தவரின் கருத்து. 1979-இல் மெர்காவா படையில் சேர்ந்தது. குறைகள் அதிலும் இருந்தன; ஆனால் அது எங்கள் டாங்கி என்று சொல்ல ராணுவமே முன்வந்தது. பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் திருத்திக்கொண்டார்கள்.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். நம் கடற்படையே போதும். 1960-களிலேயே தனக்கென ஒரு கப்பல் வடிவமைப்புப் பிரிவைச் சீருடை அணிந்த பொறியாளர்களைக் கொண்டு அது தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் லியாண்டர் வடிவத்தில் பம்பாயில் கட்டப்பட்ட நீலகிரி போர்க்கப்பல் 1972-இல் சேர்ந்தது. அங்கிருந்து படிப்படியாக மாற்றி, கொச்சியில் கட்டப்பட்ட விக்ராந்த் 2022-இல் சேர்ந்தது வரை ஒரே கோடு. அந்தக் கப்பல்களிலும் இன்ஜின், ஆயுதம் எனப் பல வெளிநாட்டுப் பாகங்கள் இருந்தன, தாமதங்களும் இருந்தன, செலவும் எகிறியது. ஆனால் தான் வரைந்த கப்பலை வேண்டாம் என்று சொல்லிக் கடற்படை கைவிரிக்க முடியாது. குறையோடு ஏற்று அடுத்த கப்பலில் சரிசெய்தது. தரைப்படையில் டாங்கிக்கு அப்படி ஒரு வடிவமைப்புப் பிரிவு இல்லை. அர்ஜுனின் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஓர் இன்மையிலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு. தணிக்கை அறிக்கைகள் பிழைகளை எண்ணிச் சொல்கின்றன, இதைப் பேசுவதில்லை.

மார்க் 1ஏ இன்னும் ஒரு தடையைச் சந்தித்தது. நீண்ட இடைவெளியில் ஆர்டர் போட்டதால், அதே ஜெர்மன் இன்ஜினை மறுபடி தயாரித்துத் தர அந்த நிறுவனத்துக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் தேவைப்பட்டது. ஆவடியின் அட்டவணை தள்ளிப்போயிற்று. அந்த நெருக்கடியின் பின்னணியில்தான் 2024 மார்ச்சில் மைசூருவிலுள்ள பி.இ.எம்.எல். வளாகத்தில் 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு இன்ஜினின் முதல் சோதனை ஓட்டம் நடந்தது. 1970-களில் வாக்களிக்கப்பட்ட அதே திறன். டாங்கிக்குள் பொருத்தி ஓட்டிப் பார்க்கும் கட்டம் அப்போது இன்னும் பாக்கி இருந்தது, அதுதான் கடினமான கட்டமும்கூட.

வாங்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். ராஜஸ்தான் எல்லைக்கு அர்ஜுன் பொருத்தமான டாங்கி, இன்னும் இரண்டு படைப்பிரிவுகளுக்கு மார்க் 1ஏ போவது சரியே. பஞ்சாபுக்கும் லடாக்குக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். லடாக்குக்காக எல் அண்ட் டி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய 25 டன் எடையுள்ள ஜோராவர் என்ற இலகுரக டாங்கி 2024-இல் வெளிவந்தது. 2020 எல்லை மோதலுக்குப் பிறகே அதன் வேலை சூடுபிடித்தது என்பதை நினைத்தால், தேவைப் பட்டியல் தெளிவாகவும் வாடிக்கையாளர் அவசரத்தோடும் இருந்தால் நம் ஆய்வு நிறுவனங்கள் வேகமாக ஓடக்கூடியவையே. அதைவிடப் பெரியது டி-72-களுக்குப் பதிலாக வரப்போகும் எதிர்காலப் போர் வாகனத் திட்டம். 1,770 வாகனங்களுக்கான தேவையை அரசு 2024 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தில் நான் தேடிப்பார்க்கப்போவது பீரங்கியின் விட்டத்தையோ கவசத்தின் தடிமனையோ அன்று. வடிவமைப்புக் குழுவில் கவசப் படை அதிகாரிகள் மூன்றாண்டு மாற்றலுக்கு ஆளாகாமல் தொடர்ந்து இருப்பார்களா, தேவைப் பட்டியலை எந்தத் தேதிக்குப் பிறகு திருத்தக் கூடாது, முதல் தொகுதி குறையோடு வந்தாலும் இரண்டாம் தொகுதிக்கான ஆர்டர் முன்கூட்டியே உறுதியா, இன்ஜினுக்கான உதிரிபாகம் எத்தனை ஆண்டுகளுக்குச் சேர்த்து வாங்கப்படுகிறது ஆகிய நான்கும் அதில் எழுதப்பட்டிருந்தால் ஆவடிக்கு அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வேலை இருக்கும்.